பாரம் குறைந்த டாக்சி

டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு நியூட்ரல் என்று பெயர். இறக்கம் போலத் தெரிகிற எதைக் கண்டாலும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருளவிடுவார். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்த இறக்கங்கள் ஊரில் நிறைய இருந்தன. பின்னால் வரும் லாரிக்காரர்கள் அவருடைய அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து விசாரிப்பார்கள். பதில் சொல்லி அவர் பெட்ரோலை வீணாக்கியதில்லை.

பெட்ரோல் விலை தினமும் காலையில் மாறும் என்று வைத்திருந்தார்கள். மாறும் என்றால் ஏறும். மற்ற டிரைவர்கள் பங்க்கில் இருக்கும் விலைப் பலகையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, வாடகையை உயர்த்திக்கொண்டார்கள். நியூட்ரல் வேறு வழியில் போனார். விலையை நம்மால் இறக்க முடியாது, வண்டியின் எடையை இறக்கலாம் அல்லவா?

முதலில் தரைவிரிப்புகள் போயின. பிறகு ஸ்பீக்கர்கள். பிறகு ஜாக்கியும் ஸ்பானர் பையும். கடைசியில் ஸ்டெப்னியே போனது. அந்த மாற்றுச் சக்கரம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் குடியேறியது. பெருக்கும்போதெல்லாம் அதில் விரலை இடித்துக்கொண்ட மனைவி, "அடுத்து யாரை இறக்கி வைக்கப்போறீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, துணிமணி எடுத்து வைக்கணும்" என்றாள். உண்மையில் அவளை அவர் எப்போதோ இறக்கியாயிற்று. அவள் வேலை செய்த தையல் கம்பெனி அவர் போகிற வழியில்தான் இருந்தது. வழியில் இருக்கிறது என்பதற்காக ஒரு முழு ஆளைச் சுமக்க முடியுமா? அவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

டேங்க்கை நிரப்பினால் அதுவும் பாரம்தான் என்று பிறகு கண்டுபிடித்தார். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் போட்டுக்கொண்டார். விலையோ தினமும் ஏறியது. ஆக, ஸ்டாண்டிலேயே அதிக விலைக்குப் பெட்ரோல் வாங்கிய ஆள் இந்தச் சிக்கனக்காரர்தான். இதை யாரோ எடுத்துச் சொன்னபோது, எடையைப் பற்றித் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கினால் காற்று பிடித்து இழுக்கும், மைலேஜ் குறையும் என்பதால் அதுவும் கிடையாது. இறங்கும் சவாரிகள் ஆவியில் வெந்து எடுத்ததுபோல இருந்தார்கள். இறுகிய டயர் லேசாக உருளும் என்று, கல்லாகும் மட்டும் காற்றடிக்கச் சொல்வார்.

இத்தனையும் தபாலாபீஸ் அம்மாவுக்காக. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கிளினிக்குக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். போகவும் வரவும் நியூட்ரலின் வண்டிதான். மற்ற சவாரியெல்லாம் மழை மாதிரி, வந்தால் உண்டு. இந்த அம்மா குழாய்த் தண்ணீர். அவர் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சவாரியால்தான்.

வாடகை மட்டும் பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் பேசியது. கூடக் கேளும் என்று ஸ்டாண்டில் பலர் சொல்லிப் பார்த்தார்கள். பென்ஷன்காரர், கேட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார் என்பார் நியூட்ரல். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகிக் களை வரும். பயத்துக்கு அந்தக் களை நன்றாகவே பொருந்துகிறது.

அந்த அம்மாவும் எதையும் பெரிதுபடுத்துகிறவர் இல்லை. "தம்பி, உங்க வண்டியில வந்தா உடம்புல எத்தனை எலும்பு இருக்குன்னு எண்ணிடலாம்" என்று ஒருமுறை சொன்னார். நியூட்ரல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை, வெயில் நன்றாக ஏறியபின், அந்த அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு மேம்பாலத்திலிருந்து நியூட்ரலில் உருண்டு இறங்கும்போது பின்டயர் வெடித்தது. ஓரம் கட்டினார். இல்லை என்று தெரிந்தும் டிக்கியைத் திறந்து பார்த்தபடி நின்றார். அந்த அம்மாவும் வண்டியைப் பிடித்துக்கொண்டே மெல்ல நடந்துவந்து, பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தார். வட்டமாக ஒரு பள்ளம் காலியாக இருந்தது.

"சக்கரம் எங்க தம்பி?"

"வீட்ல இருக்குங்கம்மா."

"வீட்டுக்கு எதுக்கு சக்கரம்?"

எடை, மைலேஜ், விலை என்று நியூட்ரல் விளக்கினார். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கிளினிக்கில் தாமதமாகப் போனால், போன நேரம் போனதுதான். அடுத்த நோயாளி காத்திருப்பார், குறித்த நேரத்துக்கு மெஷினிலிருந்து எழுந்துவிட வேண்டும்.

நியூட்ரல் கூப்பிட்டது மைனரை. சலவைச் சட்டையும் செண்ட்டுமாக, ஆளே இல்லாவிட்டாலும் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக டிரைவர். மைனர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்து, அந்த அம்மாவைக் கொண்டுபோய் இறக்குவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. சுத்தம் அரைகுறையாக நின்றது. அன்று மாலையே மூச்சுத் திணறி, அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டொரு நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும் நாள் வந்தபோது, நியூட்ரல் கழற்றியதையெல்லாம் வண்டியில் திரும்ப ஏற்றினார். கடன் சொல்லிப் புது டயர் போட்டார். வழக்கத்துக்கு முன்னாலேயே அந்த அம்மா வீட்டுக்குப் போனார். வாசலில் மைனரின் வண்டி நின்றது.

"அண்ணே, நானா வரலண்ணே. அவங்கதான் கூப்பிட்டாங்க" என்றான் மைனர். அது உண்மையும்கூட.

அந்த அம்மா வெளியே வந்தார். முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. கோபம் ஒன்றும் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது பார்த்திருக்கலாம்.

"இந்தத் தம்பி வாடகை கூடக் கேட்டுச்சு, சரின்னுட்டேன். நீங்களும் இன்னைக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னுதான் இருந்தேன். பெட்ரோல் ஏறினது எனக்குத் தெரியாதா? நானும் பேப்பர் படிக்கிறேன்ல?"

"கேட்டா வேற வண்டி பாத்துடுவீங்களோன்னு…"

"அதுக்குப் பதிலா என் உசிரைக் குறைச்சுக்கிட்டீங்களா தம்பி?"

மைனர் கதவைத் திறந்து பிடித்தான். அந்த அம்மா தலையைக் குனிந்து உள்ளே உட்கார்ந்தார். ஏசி சத்தத்தோடு வண்டி போயிற்று.

நியூட்ரல் ஸ்டாண்டுக்குத் திரும்பினார். என்ன நடந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெயில் தணிகிற வேளையில் ஒருவர் வந்து, ரயில்வே ஸ்டேஷனுக்கு என்ன கேட்கிறீர்கள் என்றார். இரண்டு டிரைவர்கள் புது வாடகையைச் சொன்னார்கள். அந்த ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நியூட்ரலைப் பார்த்தார். நியூட்ரல் வாயைத் திறந்தார். பழைய வாடகைதான் வந்தது.

அதிலும் குறைக்கச் சொன்னார் அந்த ஆள். நியூட்ரல் குறைத்தார்.