வெறும் அடுப்பின் சூடு

பிள்ளைகளே, மீனைக் கரிப்புகையில் வாட்டும் நம் புகையடுப்பை விட்டு அசைய முடியாமல், ஞாயிறு பூசைக்கு நான் உங்களோடு வராதிருந்தது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான், சூட்டைத் தானாகவே சீராக வைத்திருக்கும் கருவி வாங்கத் துறைமுகத்தடிக் கடைக்குப் போனேன். எதை எடுப்பதென்று விழித்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் உதவிக்கு வந்தார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. பேச்சுக்கு நடுவே போனை எடுத்துப் பார்ப்பார்; பார்த்துவிட்டுப் புன்னகைப்பார்.

“கரிக்குக் காத்து ஊதுற விசிறி உள்ளதை எடுங்கோ தம்பி. என்னட்டை மூண்டு கிடக்கு. இஞ்ச போனில பாருங்கோ, வீட்டில அடுப்பு எரியுது, நூற்றிப்பத்து. காலமை துவங்கி ஒரு டிகிரியும் அசையேல்ல.”

“உள்ளுக்கு என்ன மீன் ஐயா?”

“மீனோ?” அவர் முகம் சுருங்கியது. “மீனை வைச்சால் சூடு இறங்கிப்போடுமே!”

அவர் காட்டியதையே வாங்கினேன். நல்ல கருவிதான். ஆனால் அந்த மனிதர் என்னதான் சாப்பிடுவார் என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஞாயிறு காலை நீங்கள் பூசைக்குப் போனபின், பாரை மீனை உள்ளே வைத்தேன். கருவியின் கண்ணாடியில் சூட்டின் எண் மளமளவென்று இறங்கியது. நானும் அதையே பார்த்தபடி நின்றுவிட்டேன். பிறகு என் தோளில் கிடந்த துவாயால் அந்தக் கண்ணாடியை மூடிவிட்டு, உங்களைத் தேடிக் கோயிலுக்குச் சைக்கிளை மிதித்தேன்.