கொலுசுத் தண்ணீர்

பாரிவாக்கத்திலிருந்து கரையான்சாவடிக்கு நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் இரண்டு வெள்ளிக் கம்பிகள். ஒரு பெண்ணின் கொலுசாக இருந்தவை. பின்னால், நான் வேலை பார்த்த வீட்டு மாடியிலிருந்து முதலாளி கத்தியது தெருமுனை வரை கேட்டது. "திருட்டுப் பயலே, போலீசுக்குப் போவேன்." போகட்டும் என்று நடந்தேன். போலீசிடம் தன் தொழில் என்னவென்று சொல்லுவார்?

தொழில் இதுதான்: எந்த வியாதிக்கும் மருந்தென்று வெள்ளித் தண்ணீர் விற்பது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு வெள்ளிக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, பழைய லேப்டாப் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுப்போம். கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகத் தண்ணீரில் மிதக்கும். பக்கத்திலிருந்து லேசரை அடித்தால் உள்ளே சிவப்பாக ஒரு கோடு நிற்கும். "பாத்தியா, வெள்ளி" என்பார் முதலாளி. வந்தவர்கள் டம்ளரைக் கும்பிடுவார்கள். மோர் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரிலும் அதே கோடு நிற்கும். ஆள் இல்லாதபோது அடித்துப் பார்த்திருக்கிறேன். முன்பு செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த அந்த மனிதரை எல்லாரும் டாக்டர் சார் என்றார்கள். அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

கம்பிக்காகச் சுத்த வெள்ளி வாங்கியதும் இல்லை. "உங்க ஊட்டு வெள்ளிதான் உங்க ஒடம்புக்கு ஒத்துக்கும்" என்று சொல்லிக் கொலுசோ அரைஞாணோ கொண்டுவரச் சொல்வார். அதை ஆசாரியிடம் கொடுத்து உருக்கிக் கம்பியாக இழுத்து வாங்குவோம். கொலுசில் செம்பு கலந்திருக்கும், தண்ணீர் லேசாகப் பச்சையடிக்கும். செம்பும் சேர்ந்து உள்ளே போகிறதே என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"தெரியும்டா" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. "அவங்க பொருள் உள்ள எறங்குனாதான் அவங்களுக்கு நம்பிக்க வரும்."

நான் பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன். சோறு போடாமல் என்னிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

எங்களுக்குக் கேன் தண்ணீர் போட்டவர் கரையான்சாவடி பாய். சர்க்கரை வியாதிக்காரர். கால் பெருவிரலில் புண், படியேறும்போது நொண்டுவார். அதைப் பார்த்துத்தான் முதலாளி அவரைப் பிடித்தார். பாயின் சம்சாரம் கொலுசைக் கழற்றிக் கொடுத்தார். நான் வேலையை விட்ட அன்று காலை பாய் வந்து செருப்பைக் கழற்றிக் காட்டினார். விரல் கறுத்திருந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சூட்டு ஒடம்புக்காரங்க போட்டா கொலுசு கறுக்குதில்ல? அதேதான் பாய். வெள்ளி சூட்ட இஸ்துகினு கீது. மாத்திரைய நிறுத்திட்டு தண்ணிய ரெண்டு வேள குடி."

பாய் தலையாட்டினார். ஏன் ஆட்டமாட்டார்? கொலுசு கறுப்பதைப் பார்க்காத வீடு உண்டா? எல்லாருக்கும் தெரிந்த உண்மையில் தன் பொய்யை முடிந்து கொடுத்தான் அந்த ஆள். பாய் வண்டியைக் கிளப்பிப் போனதும் கம்பிகளை டம்ளரிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாயின் சம்சாரம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கம்பிகளை நீட்டினேன்.

"இன்னா இது?"

"உங்க கொலுசுக்கா. பாய் விரல் அழுகுது. அதான் கறுத்துகினு வருது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

"நீ யார்ரா அதச் சொல்ல? டம்ளர் கழுவுறவன்தான நீ? டாக்டர் சொல்றது பொய்யி, நீ சொல்றது மெய்யா?"

"அவரு டாக்டர் இல்லக்கா, செல்லு ரிப்பேரு."

"நீ இன்னா படிச்ச?"

"எட்டாவது ஃபெயிலு. அதான் மூக்க நம்புறேன். உங்களுக்கு நாத்தம் வரலியா?"

அவர் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார். உள்ளேயிருந்து பாயின் சிரிப்புக் கேட்டது. "அவளுக்கு வராம இன்னா மச்சான். ஒரு வாரமா என்ன வாசல்லதான் படுக்கப் போட்டுகீறா."

"தெரிஞ்சுகினே ஏன் பாய்?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா படுக்க வெச்சிருவான். நான் படுத்தா கேன் யார் போடறது? ரெண்டு நாளு தண்ணி வர்லன்னா ஃபிளாட்டுக்காரன் வேற ஆளுக்கு போன் அடிச்சிருவான். விரலப் பாத்தா கேன் போடற லைன் பூடும். இந்தத் தண்ணின்னா வேலய உடாம குடிக்கலாம்."

முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். படுக்க முடியாதவர்களாகப் பார்த்துத்தான் அவர் பிடித்தார். கேன் போடுபவர், சித்தாள், வீட்டு வேலைக்குப் போகிறவர். சம்பளத்தோடு லீவு கிடைக்கிற ஒருவர்கூட அந்த மாடிக்கு ஏறி நான் பார்த்ததில்லை.

"கேன நான் போடறேன்" என்றேன்.

"ஓடிப்பூடுவ" என்றார் அக்கா. "ஒரு வேலைலயாவது நின்னிருக்கியா நீ?"

"நின்னதில்ல."

"பாரு, அவனே ஒத்துக்கறான்."

"உடுடீ" என்றார் பாய். "நிக்கறது அப்பறம். கேன மாடிக்குத் தூக்குவானான்னு பாக்கலாம்." சொல்லிவிட்டு எந்தக் கட்டடத்தில் எத்தனை கேன் என்று ஒப்பிக்க ஆரம்பித்தார். அக்கா கம்பிகளை முந்தானையில் முடிந்துகொண்டு, பாயின் பழைய மருந்துச் சீட்டைத் தேட உள்ளே போனார்.

மறுநாள் காலை இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். விரலோடு போகுமா, பாதமும் போகுமா என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. நான் பாயின் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போய், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு முதல் கேனைத் தோளில் ஏற்றினேன். கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாய் எங்கே? வேற ஆள் சொல்லிடட்டுமா?"

"வேணாம்மா, பாய் வந்துருவாரு" என்று சொல்லி, கேனை இறக்கி வைத்துவிட்டு, காலி கேனைக் கேட்டேன்.