சீட்டுக்கு அடியில் நான் போட்ட ஒயர்

போன வாரம் வீட்டில் மிக்ஸி நின்றுபோனது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா என் டூல்ஸ் பெட்டியைக் கிளறி, விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயரை எடுத்து நீட்டினாள். "இதைப் போடேன்டா, நல்லாத்தான கீது" என்றாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷமாக அந்த ஒயரை நான் எதற்கும் பயன்படுத்தியதில்லை. தூக்கிப் போடவும் மனசு வந்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். அங்கே புல் வெட்டும் வண்டியை ஓட்டியவர் மாமா. சின்ன டிராக்டர் மாதிரி, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வெளிநாட்டு வண்டி அது. ஊரப்பாக்கத்திலிருந்து இருவரும் ஒரே சைக்கிளில் போவோம். மாமா தாட்டியான ஆள், மிதிப்பது எப்போதும் அவர்தான். அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து என்னை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். சோம்பேறி ஆகிவிட்டாய் என்று கிண்டல் செய்தேன். "வயசாவுது இல்ல மச்சான்" என்பார். பின்னால் ஆள் இருப்பதே தெரியாமல் ஜாலியாக மிதித்துக்கொண்டு போனேன்.

புரட்டாசியில் ஒரு காலை, வண்டி கிளம்பவில்லை. பேட்டரி சரி, ஃபியூஸ் சரி, பெடல் சுவிட்சும் சரி. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்து கனம் அழுத்தினால்தான் சாவிக்கு வண்டி அசையும். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும் என்று வைத்தது. நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. மாமா உட்கார்ந்தார், சத்தமே இல்லை. மூன்று தடவை மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம்.

"இன்னா மாமா, வண்டி உன்ன ஆளாவே மதிக்கல" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். இடுப்பில் நிற்காத பேண்ட்டைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு ஸ்பிரிங் இறுகிப்போச்சு என்று நானே முடிவு கட்டினேன். "சூப்பர்வைசர் வந்தா பேஜாரு மச்சான், எதுனா பண்ணி வுடு. அக்காகிட்ட சொல்லிக்கினு இருக்காத" என்றார். வண்டி ரிப்பேரை நான் ஏன் அக்காவிடம் சொல்லப்போகிறேன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மடையன்! சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, நடுவே சிவப்புத் துண்டை முறுக்கி, டேப் சுற்றினேன். பத்து நிமிஷ வேலை. அதற்கப்புறம் யார் உட்கார்ந்தாலும், உட்காராவிட்டாலும் வண்டி கிளம்பியது.

தை மாதம் வாந்தியில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் புற்று. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். புரட்டாசி வந்தது. பங்குனியில் மாமா போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "டெய்லி கூடவேதான இருந்த, உனக்குக் கூடவாடா தெரியல?"

"தெரியலக்கா" என்றேன்.

மறுவாரம் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் பழையபடி மாட்டினேன். புது டிரைவர் ஏறி உட்கார்ந்தார், வண்டி சட்டென்று பிடித்தது. ஸ்பிரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. ஷெட்டுக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதேன். வண்டி சொல்லியிருந்தது, நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

"ஏன்டா முழிக்கிற, கெட்டுப்போன ஒயரா?" என்றாள் அக்கா, ஒயரை இன்னும் நீட்டியபடி.

"இல்லக்கா. நல்லா வேலை செஞ்ச ஒயர்தான்."

"அப்பப் போடேன்" என்று அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

நான் மிக்ஸி பக்கம் போகவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, "உட்காருக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.