இந்த வாரம் வீட்டுக்கு யார் பெரியவர்?

இன்றைக்கு யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஒரு வாரம் குடும்பத் தலைவராகவும் மறு வாரம் சின்னப் பையனாகவும் வாழ்கிற ஒரு மனிதரை! பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற போட்டோ ஸ்டூடியோவுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கப் போயிருந்தேன். அவன் கதையைக் கேட்டுச் சிரித்து, பிறகு மூக்கை உறிஞ்சி, கடைசியில் படத்தில் என் கண் இரண்டும் சிவந்திருக்கிறது. இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதைத் தட்டுகிறேன்.

அங்கே படம் எடுக்கிற பையனுக்குப் பதினேழு வயது. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க சார், சிரிக்காதீங்க" என்று அப்பா வயதுக்காரர்களை எல்லாம் அதட்டுகிறான். கடையில் எல்லோரும் அவனைக் கூப்பிடுவது 'பெரியவர்' என்று. பெயர் வைத்தவள் பதினாலு வயதுத் தங்கச்சி. மரியாதைக்காக வைத்த பெயர் இல்லை.

போன வருடம் அப்பாவும் அம்மாவும் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இருக்கிற பெரிய ஹோட்டலுக்கு வேலைக்குப் போனார்கள். அப்பா சமையல்கட்டில், அம்மா துணி வெளுக்கிற இடத்தில். அங்கே கொடுத்த அறையில் இன்னொரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. தங்கச்சிக்கோ இங்கே பள்ளிக்கூடம். "ஒத்துமையா இருங்க. அண்ணன் சொல்றதக் கேளு" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறினார். அந்தக் கடைசி வாக்கியம்தான் வினை.

முதல் வாரம் தான் அடித்த கூத்தை அவனே சொல்லிச் சிரிக்கிறான். அப்பாவின் பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பொறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டான். அன்று இரவு அதன் மேலேயே படுத்து எழுந்து, "யார் இங்க தண்ணி ஊத்தினது?" என்று தங்கச்சியிடம் விசாரணை வேறு!

தங்கச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி பொறந்ததுக்கு இவ்வளவு அலட்டலா? ஒரு வாரம் நீ பெரியவன், ஒரு வாரம் நான் பெரியவ."

"உனக்கு நான் அடங்கி நடக்கணுமா?"

"நாற்காலில யார் உக்காந்திருக்காங்களோ அவங்க சொல்றதுதான். ஞாயித்துக்கிழமை காலைல மாத்திக்கலாம். பயமா இருந்தா சொல்லிடு."

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒத்துக்கொண்டான்.

அவள் வாரத்தில் வீடு வீடாக இருந்தது. பத்து மணிக்கு விளக்கு அணைந்தது, இவன் போன் சமையலறை அலமாரிக்குத் தூங்கப் போனது. தட்டில் கேரட்டை ஒதுக்கினால், "வளர்ற பையன், சாப்பிடு" என்று மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. நண்பன் வீட்டில் மேட்ச் பார்க்க வேண்டுமா? மீசை அரும்பிய இந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அனுமதி கேட்பார்!

இவன் வாரம் வந்தால் மூன்று வேளையும் முட்டையும் ரொட்டியும்தான். அழுக்குத் துணி மலையாகும். அவள் ஒரு குறையும் சொல்ல மாட்டாள். கட்டிலில் குப்புறப் படுத்து ஏதாவது வரைவாள், பாடுவாள், "அண்ணா, பசிக்குது" என்று சிணுங்குவாள். வெட்டி ஆபீசர் என்று அவளுக்குப் பட்டம் கொடுத்தான்.

இந்தத் தனிக்குடித்தனம் பிடிக்காத ஒரே ஆள் அத்தை, அப்பாவின் அக்கா. துணிக்கடையில் சூப்பர்வைசர். யார் வேலை செய்கிறார்கள், யார் செய்கிற மாதிரி நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அவர் அப்பாவிடம் போனில் சொன்னது இருவர் காதிலும் விழுந்திருந்தது. "வயசுப் புள்ளைங்கள இப்படியா விடுவாங்க? நான் ஒரு தடவை போய்ப் பாப்பேன். சரியில்லன்னா அவ என் வீட்டுக்கு, அவன் ஏதாவது ஹாஸ்டலுக்கு." அப்பாவும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அண்ணனும் தங்கச்சியும் ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தங்கச்சியின் வாரம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். மேட்ச் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்த குற்றத்துக்காக இவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் அத்தையின் குரல் கேட்டதுமே இவன் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால்தான் வீட்டுக்கு ஆபத்து. மூத்த பிள்ளை பொறுப்பாக இருப்பதாகக் காட்ட வேண்டுமாம். ஓடி வந்து தங்கச்சியை எழுப்பிவிட்டு, நாற்காலியில் தான் அமர்ந்தான்.

"வாங்க அத்தை! இங்க எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கறேன். ஏய், அத்தைக்கு டீ போடு."

தங்கச்சி பார்த்த பார்வையில் டீத்தண்ணி தானாகவே கொதித்திருக்கும். உள்ளே போனாள்.

"கையில என்னடா நுரை?" என்றார் அத்தை.

"முகம் கழுவினேன் அத்தை."

"பாத்திரம் தேய்க்கிற சோப்புலயா?"

இவன் திருட்டு முழி முழித்தான். அத்தை எழுந்து சமையலறைக்குள் நடந்தார்.

"அரிசி எங்கப்பா வச்சிருக்க?"

இவன் கம்பீரமாக ஒரு டப்பாவைத் திறந்தான். உள்ளே துணி சோப்புத் தூள்.

"சரி, கேஸ் எப்போ தீர்ந்தது?"

"நம்ம வீட்டுல தீர்ந்ததே இல்லையே அத்தை!"

"தீரலையா, இல்ல தீர்ந்தது உனக்குத் தெரியலையா? இவளுக்குப் பரீட்சை எப்போ?"

"அது... வரும் அத்தை."

அத்தை டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். "கண்ணு, துணிமணிய எடுத்து வை. என்கூட வா."

தங்கச்சி அசையாமல் நின்றாள். இவன் குறுக்கே வந்து நின்றான். "அத்தை, நான் பொய் சொன்னேன். இந்த வாரம் நான் பெரியவன் இல்ல, அவதான். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவளுக்கு எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்து, வாரக் கணக்கு, நாற்காலிக் கதை, கேரட்டுக் குட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அத்தைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். "அப்போ எல்லா வாரமும் அவளே பெரியவளா இருக்கட்டும். சம்மதம்னா விட்டுட்டுப் போறேன்."

"சம்மதம் அத்தை! நாற்காலியையும் அவளே வச்சுக்கட்டும்." மானம் போனால் என்ன, தங்கச்சி தங்கினால் போதும்.

அதுவரை கல் மாதிரி நின்றவள் அப்போதுதான் அழுதாள்.

"என்னால முடியாது அத்தை. எல்லா வாரமும் நான் மாட்டேன்."

"ஏம்மா, நீதான் நல்லா பண்றியே?"

"நல்லா பண்ணினா நானே பண்ணிட்டு இருக்கணுமா? அவன் வாரத்துலதான் நான் சின்னப் பொண்ணா இருக்கேன். வீடு நாறினா நாறட்டும். பசிக்குதுன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கான்ல? அதுக்காகத்தான் என் வாரத்தையே ஓட்டறேன்."

அவன் ஆட்சி ஆட்சி என்று மார்தட்டிக்கொண்டிருந்தது அவளுடைய லீவு! அந்த லீவிலும் வெறும் முட்டையும் ரொட்டியும் கொடுத்து, வெட்டி ஆபீசர் என்று பட்டமும் கொடுத்திருக்கிறான். இதைச் சொல்லும்போது ஸ்டூடியோவில் விளக்கின் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, "என்னை மாதிரி ஒரு அப்பா எனக்குக் கிடைச்சிருந்தா நானே ஓடிப்போயிருப்பேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான்தான் மூக்கை உறிஞ்சினேன்.

அன்றைக்கு அத்தை முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவ லீவு எடுத்துக்கட்டும் அத்தை. நான் கத்துக்கறேன். இப்பவே ஆரம்பிக்கறேன். ஏய், அரிசி எங்க இருக்கு?"

"கீழ் அலமாரில, எருமை" என்றாள் அழுகைக்கு நடுவில்.

அத்தை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்தது. சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாயப் போனவரை அவள் தடுத்தாள். "அத்தை, அது இந்த வாரம் என் சீட்டு."

"சரிங்க பெரியம்மா" என்று அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு இவன் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை உன் வாரம் பாத்து வருவேன். அவ முகத்தப் பாத்தே முடிவு பண்ணுவேன்."

சொன்ன மாதிரியே வந்தார். இவன் வடித்த சோறு பாதி குழைந்தும் பாதி விதைவிதையாகவும் இருந்தது. அத்தை மென்று மென்று விழுங்கினார். தங்கச்சி தெருவில் தோழிகளோடு சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. அத்தை கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மிடா" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார். ஹாஸ்டல் பேச்சை எடுக்கவே இல்லை.

படம் எடுக்க வேண்டியிருந்தால் அந்த ஸ்டூடியோவுக்கே போங்கள். மத்தியானம் ஆளைக் காணவில்லை என்றால் அது அவன் வாரம், சோறு வடிக்கப் போயிருக்கிறான். திட்டாமல் கொஞ்சம் காத்திருங்கள். அப்படியே, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தாங்களே வீட்டை ஓட்டுகிற பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். முக்கியமாக, அங்கே நல்லா பண்ணுகிற பிள்ளைக்கு.