எலிஹியோ சொன்ன சினிமாப் பொய்

எலிஹியோ பூட் என்பவருக்கு ஒரு காலத்தில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, நீர்க்குகை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் நீந்தி வழிகாட்டுவது. மற்றது, அப்படிப் போய்த் திரும்பாதவர்களை வெளியே கொண்டுவருவது. யுகாட்டான் காட்டுக்குள் எந்தக் குழியில் யார் மாட்டினாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள். எமனுக்கு எடுபிடி வேலை பார்க்கிறீர்களே என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவருக்கு ஒழுங்குதான் வேதம். முதுகில் கட்டிய உருளையின் காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, மிச்சம் ஆபத்துக்கு. இதை மீறியவன் யாராக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வான். யாராவது உள்ளே சிக்கிவிட்டால், அவன் காற்று எதுவரை வரும் என்று கணக்குப் போடுவார். அந்த நேரம் கடந்துவிட்டால் அவசரம் முடிந்தது. கலங்கிய சேறு படியட்டும், துணைக்கு ஆள் வரட்டும் என்று கரையில் உட்கார்ந்துவிடுவார். செத்தவனை எடுக்கப் போய் இன்னொருவன் சாகக் கூடாது. அந்த வட்டாரத்தில் குகைக்குள் இறங்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை அது. யாரும் குறை சொல்ல முடியாது.

கஸ்பார் மாட்டிக்கொண்டபோதும் அதே முறைதான். எவனோ ஒரு பயணி தவறவிட்ட கேமராவை எடுக்கத் தனியாகப் போனவன் அவன். எலிஹியோவின் ஞானமகன். பிள்ளைக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தகப்பனாக நின்றவனும் அதைப் பெற்றவளும் அங்கே ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கோமாத்ரே என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்த உறவைவிடக் கெட்டியான உறவு. மூன்றாம் நாள் எலிஹியோ உடலைக் கொண்டுவந்து கஸ்பாரின் தாய் ஹசிந்தா முன்னால் கிடத்தினார். "உடனே போயிட்டான் கோமாத்ரே. கஷ்டப்படல" என்றார். மூச்சுத்திணறல் என்று மருத்துவர் எழுதினார். எலிஹியோ அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. கொட்டகையில் இயந்திரத்தோடு உட்கார்ந்து மற்றவர்களின் உருளைகளுக்குக் காற்று அடைத்துக்கொண்டிருந்தார்.

இறந்தவர் ஒவ்வொருவர் பேரிலும் மேசையில் ஓர் இலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அவர்கள் ஆத்மாவுக்குச் சாப்பாடு படைக்கும் நவம்பர் நாட்களில் ஹசிந்தா ஆண்டுதோறும் அவருக்கு ஒரு பங்கு அனுப்புவாள். கோழிக்கறி வைத்து மண்ணுக்குள் சுட்ட சோள அடை, வாழையிலையில் சுற்றி, சூடு ஆறாமல் வரும்.  எலிஹியோ அதில் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கமாட்டார்.

அப்படிச் சில ஆண்டுகள் போன பிறகு, ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊர்ப் பொதுக்கூடத்தில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிப் படம் காட்டினார்கள். குகைக்குள் முக்குளிக்கப் போனவர்கள் சிக்கிச் சாகும் படம். ஊரில் பாதிப்பேருக்குக் குகைதான் சோறு போடுகிறது. சும்மா இருப்பார்களா?

"டேய், மூச்சுக்குமிழி கூரையில முட்டுது, ஒரு பொட்டு மண்ணு உதிரலயே! கழுவித் தொடச்சு வச்சிருக்கானுங்களா?" என்றான் குகை வாசலில் நுழைவுச்சீட்டு கிழிக்கும் நெமேசியோ.

"இறங்கறதுக்கு முன்னாடி குகையக் காக்கற சாமிகிட்ட உத்தரவு கேட்டானுங்களா? ஒரு குடுவை சோளக்கஞ்சி வச்சானுங்களா? அனுபவிக்கட்டும்" என்றாள் தின்பண்டம் விற்கும் சொக்கோரோ.

"அந்தப் பொண்ணு மூஞ்சில போட்ட சாயம் கலையவே இல்லக்கா" என்றான் நெமேசியோ.

"உனக்கு அது மட்டும் தெரியுதாடா!"

கூடம் சிரித்தது. படத்தில் ஒருவன் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பாறைக் குடைவுக்குள் தலையை நீட்டினான். அங்கே காற்று இருந்தது. காற்று உருளை காலியான பிறகும் அவன் அந்தக் குடைவில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தான். அந்த இடத்தை முன்பே அறிந்த வழிகாட்டி நேராக அங்கே போய் அவனைக் காப்பாற்றினான். பாதிப்பேர் கைதட்டினார்கள், மீதிப்பேர் ஊளையிட்டார்கள்.

"காதுல பூ சுத்துறான்! எலிஹியோ அண்ணே, நீங்க சொல்லுங்க. அப்படி உட்கார்ந்து பொழைக்க முடியுமா?" என்று நெமேசியோ கத்தினான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசி வரிசையில் இருந்த ஹசிந்தாவின் தலையும் திரும்பியது.  கஸ்பாரை எலிஹியோ கண்டெடுத்தது அப்படி ஒரு குடைவில்தான். காலில் மாட்டிய துடுப்புகளைக் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சினிமாப் பொய்" என்றார் எலிஹியோ. "எல்லாம் சில நிமிஷத்துல முடிஞ்சிரும்."

படம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. ஹசிந்தா ஜன்னலிலிருந்து தன் போர்வையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. எலிஹியோ உதவப் போனார்.

"கொம்பாத்ரே, அன்னிக்குக் காலையில எம்புள்ள சவரம் பண்ணிட்டுத்தான் போனான். என் கண்ணாடி முன்னாடிதான் நின்னான்" என்றாள். "அவனைக் கழுவறப்போ தாடி என் கையில குத்துச்சு."

எலிஹியோவின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு அன்னிக்கே தெரியும். உடனே போகலன்னு. ஊரு கேட்டப்போ உடனே போயிட்டான்னு நான்தான் சொன்னேன். நீங்க கரையில உட்கார்ந்திருந்தீங்கன்னு ஒருத்தனும் உங்களப் பேசிறக் கூடாதுல்ல. காத்து இருக்கற இடம் ஒண்ணு உள்ள இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்னு என்னையே தேத்திக்கிட்டேன்." போர்வையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னிக்குப் படத்துல அந்த ஆளு தெரிஞ்சு போனான். நீங்க சொல்லுங்க. அந்த இடம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பத் தயாராக இருந்தாள். நம்ப ஆசைப்பட்டாள். ஆனால் அந்தக் குகையில் வழிக்கயிறு கட்டியதே எலிஹியோதான். கஸ்பாருக்கு அந்தக் குடைவைக் காட்டியதும் அவர்தான்.

"தெரியும்" என்றார். "அங்க காத்து கெட்ட காத்து, கோமாத்ரே. ரெண்டு நிமிஷம் இருந்தாலே தலை வலிக்கும். யாரும் தாக்குப்பிடிக்க முடியாதுன்னு... கணக்குல நான் அதச் சேர்க்கல."

"எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்?"

"கயிறு வர்ற பக்கம்."

 அவள் முடிச்சை அவரிடமே விட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

நவம்பர் வந்தது. எலிஹியோ கொட்டகையில் காத்திருந்தார். இந்த முறை பங்கு வராது என்று தெரியும், இருந்தும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. மதியம் சொக்கோரோ கூடையோடு வந்தாள்.

"என்ன அண்ணே, இங்கயே உட்கார்ந்துட்டீங்க? ஹசிந்தா வீட்டுலேர்ந்துதான் வர்றேன். உங்க பங்கு அங்க இருக்கு."

அவர் சட்டென்று எழுந்தார். "போய் வாங்கிக்கட்டுமா?"

"வாங்கிக்கவா? படையல் மேசையில வச்சிருக்காங்க அண்ணே. கஸ்பார் இலைக்குப் பக்கத்து இலை. இது யாருக்குன்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாங்க" என்றாள் சொக்கோரோ. "மெழுகுவத்தியும் ஏத்தியாச்சு."