சுருண்ட மிளகிலைக்குள் இரண்டாவது பூச்சி

சுக்கு வாசனையும் கிராம்பு எண்ணெய் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும்? மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கின் மாடியில் இருந்த எங்கள் ஆய்வறை அப்படித்தான் இருக்கும். சுக்கு கீழேயிருந்து வரும். கிராம்பு எண்ணெய் என் விரல்களிலிருந்து... ஸ்லைடில் ஒட்டுவதற்கு முன் பூச்சியை அதில்தான் ஊறப்போடுவோம்.

அறுபதுகளின் தொடக்கம். விவசாயப் பட்டம் வாங்கிய கையோடு, கப்பலேறும் செடிகளைப் பரிசோதிக்கிற வேலை. வயது இருபத்துநாலு. பொறுமை கிடையாது, வாயும் அடங்காது.

அன்று இடவப்பாதி மழை, ஜூன் மாதத்து அடைமழை. ஹஸன் ராவுத்தர் என்ற மிளகு வியாபாரி, வேர்விட்ட மிளகுக்கொடிகளை நாற்பது கூடைகளில் துறையில் அடுக்கியிருந்தார். சாயங்காலம் கப்பல். இலை ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. பிரித்தால் உள்ளே இலைப்பேன்... த்ரிப்ஸ். கடுகளவு நீளம்.

வாங்குகிற நாடு ஒரே ஓர் இலைப்பேனைத் தடை செய்திருந்தது. அது இருந்தால் அத்தனையும் எரிக்க வேண்டும். நம் ஊர்ச் சாதாரண வகை என்றால், சுருண்ட இலையைக் கிள்ளிவிட்டு, கொடியைப் புகையிலைக் கஷாயத்தில் முக்கி அனுப்பலாம்.

தடை செய்த பூச்சியைப் பற்றி எங்களிடம் இருந்ததோ அரைப் பக்கக் குறிப்பு. யாரோ எப்போதோ ஒற்றைப் பூச்சியைப் பார்த்து எழுதியது. படம் இல்லை. கறுத்த உடம்பு, தடித்த முன்கால், மிளகு இலையைச் சுருட்டும். அவ்வளவுதான்.

ஒரு சுருளைப் பிரித்தேன். கண்ணில் பட்ட பெரிய பூச்சியை ஈரத் தூரிகையால் எடுத்தேன். கறுத்த உடம்பு. தடித்த முன்கால்.

"எரிச்சிடுங்கோ" என்றேன்.

வாசலில் நின்ற ராவுத்தர் முகம் வெளுத்தது. "இன்னொருக்கா நோக்கிட்டுச் சொல்லுங்க சாரே. ரெண்டு வருஷம் பிள்ளை மாதிரி வளத்தது."

"எத்தனை தடவை நோக்கினாலும் அதே காலுதான் இருக்கும் ராவுத்தரே."

அவர் இறங்கிப் போனார்.

அறிக்கையோடு ஸ்லைடும் வைக்க வேண்டும். அவசரத்தில் மேலே மூடுகிற கவர்ஸ்லிப் கண்ணாடியை அழுத்தினேன்... பூச்சி நசுங்கிவிட்டது. சாட்சிக்கு இன்னொன்று வேண்டுமே என்று அடுத்த சுருளைப் பிரித்தேன். முன்கால் மெலிந்த பூச்சிகள். அடுத்தது... அதுவும் மெலிந்தது. எல்லா மிளகுத் தோட்டத்திலும் இருக்கிற சாதாரண வகை.

ஒன்பதாவது சுருளில் தடித்த காலன் இருந்தான். லென்ஸை வைத்துப் பார்த்தால், மெலிந்ததன் முட்டையில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்!

இலையைச் சுருட்டியது இவனில்லை. அடுத்தவன் வீட்டில் புகுந்து அவன் முட்டையையே தின்கிறவன். கொடிக்கு நல்லதுதான் செய்கிறான்.

குடைகூட எடுக்காமல் ஓடினேன். ஜூ டவுன் என்கிற யூதர் தெருச் சந்தில் சாக்கு சுமந்து வந்தவர்மேல் மோதித் திட்டு வாங்கினேன். துறைக்குப் போவதற்கு முன்பே மண்ணெண்ணெய்ப் புகை தெரிந்தது. தகரக் கூரைக்கு அடியில் தீ.

"நிறுத்துங்கோ ராவுத்தரே! அது வேற பூச்சி!"

கையில் கூடையோடு திரும்பினார். "எரிக்கச் சொன்னதும் சாரு, நிறுத்தச் சொல்றதும் சாரு. உங்க ஆபீஸுல எத்தன பேரு இருக்கீங்க?"

பதினேழு கூடை போயிருந்தது.

மிச்சத்தை இலை கிள்ளி, முக்கி, கப்பலேற்றினோம். நானும் குந்தி உட்கார்ந்து கிள்ளினேன். ஒரு பூச்சியைப் பார்த்து முடிவு சொன்னது என் தப்பு என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அரைப் பக்கக் குறிப்பை எழுதியவரும் என்னைப்போலவே, புகுந்தவனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரன் என்று எழுதிவிட்டாரோ... அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

இப்போது தம்பி மகன் பாலக்காட்டுத் தோட்டத்திலிருந்து செல்போனில் பூச்சிப் படம் அனுப்புகிறான். "பத்துச் சுருள் பிரிச்சுப் பாத்தியாடா?" என்றால் எரிச்சல் வருகிறது அவனுக்கு. "எதுக்குப் பெரியப்பா? போன்ல போட்டா அரை நிமிஷத்துல பேர் வந்துடறது."

வரட்டும். அன்று எனக்கும் அவ்வளவு சீக்கிரம்தான் வந்தது.