அக்காவின் பிரெஞ்சுக்காரர்

அந்தப் பிரெஞ்சு இசையமைப்பாளரின் ஒலிநாடா அட்டையில் ஒரு பெரிய அலை இருந்தது. அக்காவுக்குக் கடல் பிடிக்கும் என்பதற்காகத்தான் லண்டன் கோலியர்ஸ் வுட் நூலகத்தில் அதை எடுத்தேன். எண்பதுகளின் கடைசியில் அவள் யாழ்ப்பாணத்திலிருந்து என்னிடம் வந்து சேர்ந்திருந்தாள். ஊரில் சங்கீத ஆசிரியை. அவள் கணவர், என் அத்தான், இதய நோயில் இறந்த நாளிலிருந்து ஒரு வரிகூடப் பாடவில்லை. ரேடியோவில் பாட்டு வந்தாலும் எழுந்துபோய் நிறுத்திவிடுவாள்.

இதை நிறுத்தவில்லை. பாத்திரம் கழுவியபடியே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டாள். “சுருதி இருக்கு, தம்பி. ஆனா ஆள் எங்கை போறார் எண்டுதான் தெரியேல்லை. திருப்பிப் போடு.”

அன்றிலிருந்து அந்த இசையமைப்பாளர் எங்கள் வீட்டில் ஒருவரானார். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். அக்கா அவரோடு வாதாடிக்கொண்டிருப்பாள். அவர் பெயர் இன்றுவரை அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. ‘என்ரை பிரெஞ்சுக்காரர்’ என்பாள். ஒலிநாடாவோடு வந்த சிறு புத்தகத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பழைய விதிகளை மீறியதற்காக அவர் திட்டு வாங்கியது, பின்னால் ஜாஸ் வாசித்தவர்கள்கூட அவரிடம் கற்றுக்கொண்டது, பாரிஸ் கண்காட்சியொன்றில் ஜாவாத் தீவின் வாத்தியங்களைக் கேட்டு மயங்கியது. “பாத்தியா, எங்கடை பக்கத்தாலைதான் போயிருக்கு” என்று அக்கா பெருமைப்பட்டாள்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வாசித்தேன். முதலாம் உலகப் போரின் கடைசி வருடம் அவர் புற்றுநோயில் இறந்தார். பாரிஸில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வெறிச்சோடிய தெருக்கள் வழியே சிலர் மட்டும் அவர் உடலைக் கொண்டுபோனார்கள்.

அக்கா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உன்ரை அத்தானுக்கும் ஆறு பேர்தான் வந்தவை. பறைமேளம் இல்லை. ஷெல் விழத் தொடங்கினவுடனை சுடலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிட்டினம். முகத்தை வடிவாப் பாக்கவும் இல்லை. மனுசனை நான் ஒழுங்கா அனுப்பேல்லை, தம்பி.”

அதுவரை அவள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நானும் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் லண்டனில் இருந்துவிட்டவன்.

“இவ்வளவு பெரிய ஆளையும் அப்பிடியே அனுப்பினவை?”

“ஓம், அக்கா.”

வெகுநேரம் அழுதாள். அத்தான் போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாதம் அத்தானின் திவசம். படையல் முடிந்ததும் அவர் படத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரரைப் போட்டாள். “மேளத்துக்குப் பதிலா இதைக் கேக்கட்டும்.”

ஒலிநாடா ஓடி முடிந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தேவாரம் ஒன்றைத் தொடங்கினாள். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கடைசி அடி வரை பாடினாள்.